பச்சை நாதம்

எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் காது கேட்காது. என் அறை ஜன்னலுக்குக் கீழே கோலமாவு விற்பவர் கூவிக்கொண்டு போவார். அடுப்பங்கரையில் குக்கர் நாலாவது விசிலை விடும். பக்கத்து மனையில் தூண் எழுப்புகிறவர்கள் கம்பி அறுப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்கிறேன். திரும்பப் போட்டுக் கேட்டால் கோலமாவும் இல்லை, குக்கரும் இல்லை. தந்திகள் மட்டும் இருக்கின்றன. வீட்டில் பாட்டுப் பதிகிற நண்பர்கள் விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுவதையும், ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். மைக் எதையும் விட்டுவைக்காது. எலெக்ட்ரிக் கிட்டாரைக் கேபிள் போட்டு நேராகக் கம்ப்யூட்டரோடு இணைக்கிறவருக்கு மட்டும் அந்தப் பாடு இல்லை.

தந்திக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மூன்று மீட்டர் தூரம். அந்த மூன்று மீட்டரில் நடப்பதை 2006-லிருந்து ரசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

கிட்டாருக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: இரும்பின் அசைவு. தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப்பைக் கழற்றிப் பார்த்தால் ஆறு சிறு காந்தக் குச்சிகளும் அவற்றைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான் இருக்கும். கம்பி தலைமுடி அளவே தடிமன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் அதைச் சுமார் 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. புலம் கலைந்தால் செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுகாட்டிய அதே விதி. அணைக்கட்டில் டர்பைனைச் சுற்றவைத்து மின்சாரம் எடுப்பதும் இப்படித்தான். அங்கே ஆறு, இங்கே ஒரு விரல். 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற கிட்டார்காரர் குதிரைலாடக் காந்தத்தை வைத்து இப்படி ஒரு பிக்கப் செய்தார். ரிக்கன்பாக்கர் அதைக் கிட்டாரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, வட்டமான உடம்பையும் நீண்ட கழுத்தையும் பார்த்த ஜனங்கள் அதற்கு வாணலி என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பிக்கப்பின் அடிப்படை மாறவில்லை. நைலான் தந்தியை மாட்டி வாசித்தால் அந்தப் பிக்கப் ஊமையாகிவிடும். அதன் உலகத்தில் நைலான் என்று ஒரு பொருளே இல்லை.

ஆனால் காற்று கேட்காத அந்தக் கருவிக்கு வேறு காதுகள் உண்டு. வீட்டுச் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதற்குக் கேட்கும். மானிட்டர் கேட்கும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மிக நன்றாகக் கேட்கும். மூன்றாம் எண்ணில் விசிறி ஓடும்போது ஒற்றைச் சுருள் பிக்கப்பில் தகரத்தைச் சுரண்டுவது போன்ற இரைச்சல் ஏறும். சித்திரை மாதத்து இரவில் விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, வியர்வை முழங்கை வழியே கிட்டார் மேல் இறங்க, இரண்டு நிமிடம் வாசித்து முடித்துவிட்டு ஓடிப்போய் ஸ்விட்சைப் போடுவேன். அந்த இரண்டு நிமிடத்தின் சுத்தத்துக்கு ஈடு கிடையாது.

இரைச்சலோடு பழகுவதே ஒரு கலை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் பாதி போய்விடும். தந்தியில் கை வைத்ததும் உறுமல் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கினால் அதுவரை நம் உடம்புதான் ஆன்டெனாவாக நின்று வீட்டு வயர்களின் இரைச்சலைப் பிடித்துக் கிட்டாருக்கு ஊட்டியிருக்கிறது என்று அர்த்தம். தந்தி வழியாக உடம்பு எர்த்தோடு சேர்ந்தவுடன் அது ஓய்கிறது. சுவர் ப்ளக்கில் எர்த் கம்பி உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம். பிறகு, உட்காரும் திசை. கிட்டாரை மடியில் வைத்தபடி நாற்காலியோடு மெல்லத் திரும்பினால், ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று இல்லாமல் போகும். சுருள் அந்தக் காந்த அலைக்குப் பக்கவாட்டில் நிற்கும் கோணம் அது. என் அறையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, நாற்காலியின் கால்களுக்குத் தரையில் சாக்பீஸால் குறி போட்டு வைத்திருக்கிறேன். வீடு கழுவும்போதெல்லாம் அழியும். மறுபடி தேடுவேன். 1955-ல் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, உறுமலை உறுமலாலேயே அடித்துப் போடும் ஹம்பக்கரை உருவாக்கினார். அது மாட்டிய கிட்டார் இருந்தால் சாக்பீஸ் வேண்டாம். ஆனாலும் ஒற்றைச் சுருளின் கண்ணாடி போன்ற துல்லியம் எனக்குப் பிரியமானது. அதற்காக விசிறியை நிறுத்தச் சம்மதம்.

இனி இணைப்புக்கு வருகிறேன். கிட்டாரிலிருந்து வரும் முனை 6.35 மில்லிமீட்டர் ஜாக். 19-ஆம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் ஒரு இணைப்பை உருவி இன்னொன்றில் செருகினார்களே, அதே ஜாக்தான். அதன் முனையில் உள்ள கழுத்து, துளைக்குள் இருக்கும் சுருள்வில்லில் போய் உட்காரும்போது எழும் ‘க்ளக்’ சத்தம் எனக்குத் தம்புராவின் முதல் மீட்டைப் போல. வாசிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதல்முறை இணைக்கிறவர் எல்லோரும் செய்யும் காரியத்தை நானும் செய்தேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன மாற்றுமுனை வாங்கிவந்து, கிட்டார் கேபிளை அதில் செருகி, அதைக் கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்பு மைக் துளையில் செருகினேன். சத்தம் வந்தது. கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிறவரின் சத்தம். மேல் தந்திகளின் மினுக்கம் இல்லை, மீட்டும் பிக் தந்தியில் படும் அந்தச் சிறு கொத்தல் இல்லை. கிட்டாரில்தான் கோளாறு என்று தந்திகளை மாற்றினேன். பிறகு கேபிளை மாற்றினேன். உண்மையான காரணம் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

மெட்ரோ வாட்டர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரே மெல்லிய குழாய். தண்ணீர் சன்னமாகத்தான் வருகிறது. யாராவது ஒருவர் மோட்டார் போட்டு இழுத்தால் குழாயின் அழுத்தம் அப்படியே படுத்துவிடும். முதலில் காய்வது கடைசி வீடு. பிக்கப் அப்படிப்பட்ட மெல்லிய குழாய். சுற்றிச் சுற்றி வந்த அந்த ஒரு கிலோமீட்டர் செப்புக் கம்பி, அதிர்வெண் ஏற ஏறத் தன் வழியே மின்சாரம் போவதைத் தானே அதிகமாகத் தடுக்கும். கம்ப்யூட்டரின் மைக் துளையோ சில ஆயிரம் ஓம் மின்தடையோடு, மோட்டார் வைத்த வீடு போல இழுக்கிறது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. கிட்டாரில் அந்தக் கடைசி வீடு, உச்சத்தில் இருக்கும் பளபளப்பு.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற சிறு பெட்டியில் கிட்டாருக்கென்று ஒரு துளை உண்டு. ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றோ ‘ஹை-ஸீ’ என்றோ அருகில் எழுதியிருக்கும். சிலவற்றில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும். அந்தத் துளையின் மின்தடை சுமார் பத்து லட்சம் ஓம். குழாயின் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளும், தண்ணீரைத் தொடாது. வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள்: பொத்தானை அழுத்தாமல் ஈ மைனர் கார்டை மீட்டுங்கள், அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்துங்கள். மழை விட்டதும் எதிர்மாடியின் கம்பிகளில் ஒவ்வொரு துளியும் தெளிவாகத் தெரியுமே, ஒலியில் அது நடக்கும். சத்தம் கூடியதுபோல் முதலில் தோன்றும். உற்றுக் கேட்டால் கூடியது சத்தமல்ல, விவரம்.

கேபிளையும் விட்டுவிட முடியாது. கிட்டார் கேபிள் பார்க்க வெறும் கம்பி. உள்ளே நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் சேர்ந்து அதை நீண்ட மின்தேக்கியாக ஆக்கிவிடுகின்றன, மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் அளவில். பிக்கப்பின் சுருளும் இந்தத் தேக்கமும் கைகோர்த்து, மூவாயிரம் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேட்டை எழுப்புகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதுவே. நம் கிட்டாரின் குரல் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்த மேடுதான். கேபிள் நீண்டால் மேடு கீழே இறங்கும். ஒலி கொஞ்சம் தடித்து, முனை மழுங்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் பயன்படுத்திய நீண்ட சுருள் கேபிள் அப்படித்தான் தன் பங்குக்கு அவர் ஒலியைக் கனியவைத்தது. வீட்டில் எனக்கு மூன்று மீட்டர் போதும். உறவினர் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்கிறவர்கள் கடையில் துணியை வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதுபோல, மூன்று மீட்டரையும் ஆறு மீட்டரையும் மாற்றி மாற்றிச் செருகி ஒரு முழுப் பிற்பகலைக் கழித்திருக்கிறேன்.

இன்டர்ஃபேஸுக்குள் போனதும் அலை எண்களாகிறது. விநாடிக்கு 44,100 முறை, அல்லது 48,000 முறை, மின்னழுத்தத்தை அளந்து எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளை உள்ளே இருக்கிறார். 24 பிட் என்றால் அவர் அளவுகோலில் 1,67,77,216 கோடுகள். இத்தனை நுட்பம் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிய எரிய வாசிக்கத் தேவையே இல்லை. பழைய டேப் அளவு மீறினால் மெல்லத் தழைந்து இனிமையாக நசுங்கும். எண்களுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது, சுழியத்தைத் தாண்டியதைக் கத்தரித்துவிடும். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி நின்றால் நிம்மதியாக வாசிக்கலாம். அளவைப் பற்றி இவ்வளவு போதும்.

தாமதம் அப்படியில்லை, அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை எழுதிய எண்களைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. கூடை நிறையும்வரை காத்திருந்து கூடையோடு தூக்கிப்போகிறது. கூடையின் கொள்ளளவு 128 எண்கள் என்றால் நிறைய 2.9 மில்லி விநாடி ஆகும். 1,024 என்றால் 23 மில்லி விநாடி. போக ஒரு கூடை, ஹெட்போனுக்குத் திரும்பி வர ஒரு கூடை. எண்களாகப் பார்த்தால் இது புரியாது. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் நடக்கும். கச்சேரி மேடையில் பாடகரும் மிருதங்கக்காரரும் நாலைந்து அடி இடைவெளியில் உட்கார்கிறார்கள். பாடகரின் குரல் மிருதங்கக்காரரின் காதை எட்டச் சுமார் நாலு மில்லி விநாடி ஆகிறது. அந்தத் தாமதத்தோடுதான் அவர்கள் கோர்வையைச் சமத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது உடம்புக்குப் பழகிய தூரம். 23 மில்லி விநாடி என்பது எட்டு மீட்டர். மிருதங்கக்காரரை மேடையிலிருந்து இறக்கி நாலைந்து வரிசைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வதுபோல. அதுவும் ஒரு கூடைக்கு மட்டும்; போக வர இரட்டிப்பு.

பெரிய கூடையோடு வாசித்துப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். கை மீட்டிவிடுகிறது. காது பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் வராததால் கை சந்தேகப்படுகிறது. நாலு ஆவர்த்தனத்துக்குள் வாசிப்பில் ஒரு தயக்கம் குடியேறி, காலப்பிரமாணம் மெல்ல இழுபடுகிறது. சிறிய கூடைக்கு மாற்றியதும் தந்தி மறுபடி விரலோடு ஒட்டிக்கொள்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இதைச் சாத்தியமாக்கிய ஏஸியோ என்ற ஏற்பாட்டை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொடுத்தது. வீட்டில் உட்கார்ந்து கிட்டார் பதிகிற ஒரு தலைமுறை அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கூடையைச் சிறிதாக்கினால் கம்ப்யூட்டர் திணறிச் சடசடக்கும். வாசிக்கும்போது சின்னக் கூடை, பிறகு கலவை செய்யும்போது பெரிய கூடை. இந்த ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் துன்பம் தீர்ந்தது.

இப்படியெல்லாம் செய்து, ஆம்ப்ளிஃபயர் எதையும் போலிசெய்யாமல், ஒலி கூட்டும் பெடல் எதுவும் இல்லாமல், தந்தி கொடுத்ததை அப்படியே பதிந்து கேட்டால் வருவதை டி.ஐ. என்பார்கள். நான் பச்சை நாதம் என்று சொல்லிக்கொள்வேன். பச்சைப்பால், பச்சைமண் என்பதுபோல இன்னும் அடுப்பேறாத நிலை. முதலில் கேட்கிறவர்களுக்கு இது பிடிக்காது. மெலிந்து, ஒட்டி உலர்ந்து, பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். என் தம்பி மகன் கேட்டுவிட்டு, “பெரியப்பா தான வாசிச்சீங்க, ஏன் இப்பிடி ரப்பர் பேண்டு மாதிரி இருக்கு?” என்றான். அவன் தன் கிட்டாரை வாங்கியது பாடல்களில் கேட்ட அந்தச் சுவர் நிறைக்கும் கர்ஜனைக்காக. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, ஒரே வரியைப் பத்து முறை கேட்கச் சொன்னேன்.

ஏழாவது முறையில் அவன் முகம் மாறியது. பிக்கின் விளிம்பு தந்தியில் நேராகப் படுகிறதா, சாய்ந்து படுகிறதா என்பது பச்சை நாதத்தில் தெரியும். கீழ்நோக்கிய மீட்டலுக்கும் மேல்நோக்கிய மீட்டலுக்கும் உள்ள பாரம் தெரியும். இடது கை விரல் ஒரு மயிரிழை முன்னதாகத் தூக்கிக்கொண்டதால் கார்வை நுனியில் ஒடிந்தது தெரியும். சுற்றுக் கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலி, வாசிக்காத தந்தி தன்னாலே முனகுவது, இழுத்த தந்தி போய்ச் சேரவேண்டிய ஸ்வரத்துக்கு ஒரு நூல் கீழே நின்றுவிட்டது, எல்லாமே. அந்தக் கர்ஜனையைத் தரும் டிஸ்டார்ஷன் என்பது அன்பான உறவினர் மாதிரி, நம் குறைகளை மூடிவைக்கும். பச்சை நாதம் எதையும் மூடாது. கிட்டார் மெட்டுகள் மேல் கமகம் பழகுகிறவர்களுக்கு இதைவிட நேர்மையான வாத்தியார் கிடைக்க மாட்டார். யூ. ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையில் எடுத்தது ஏன் என்று எனக்கு விளங்கியதும் இப்படிக் கேட்டுக்கேட்டுத்தான். மரப்பெட்டி மாண்டலினில் சட்டென்று அணைந்துவிடும் நாதத்தை, காந்தமும் செப்பும் சேர்ந்து கார்வையாக நீட்டிக்கொடுத்தன. தந்தியின் சின்னஞ்சிறு அசைவும் காதுக்கு வந்தது.

கிட்டாரை நேராகப் பதிவுக் கருவியில் செருகுவது கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த வழக்கம் இல்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கராஜில் பதிவு செய்து, 1948-ல் வெளியான ‘லவர்’ இசைத்தட்டில் எட்டு கிட்டார்கள் ஒலிக்கும். எட்டும் அவர் ஒருவரே. அப்போது அவரிடம் டேப் கிடையாது; ஒரு தட்டில் வாசித்துப் பதிவார், அந்தத் தட்டு ஓட ஓட அதோடு சேர்ந்து வாசித்து இன்னொரு தட்டில் பதிவார். ஏழாவது அடுக்கில் ஒரு ஸ்வரம் தப்பினால் அந்த அடுக்கு போச்சு. வீட்டுப் பதிவின் மூலவர் அவர்தான். பிக்கப்பின் மெல்லிய குழாய்த் தொல்லையையும் அவர் அப்போதே உணர்ந்திருந்தார். செப்புச் சுற்றுகளைக் குறைத்து, நேரே மிக்ஸரில் செருகக்கூடிய தணிந்த மின்தடைப் பிக்கப்புகளையே அவர் விரும்பினார்; கிப்ஸன் 1971-ல் வெளியிட்ட லெஸ் பால் ரிக்கார்டிங் என்ற கிட்டாரில் அவை இருந்தன. கூட்டம் அதை வாங்கவில்லை. அவர் பேரில் வந்த மற்ற லெஸ் பால் கிட்டார்களின் தடித்த குரலையே எல்லோரும் கேட்டார்கள். என் கணிப்பில் அவர் சரி. ஐம்பது வருடம் முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

1968 ஜூலையில், லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டின் ஒற்றைத்தட்டு வடிவத்தைப் பதிந்தபோது, ஜான் லெனனுக்கு வேண்டிய கரகரப்பை எந்த ஆம்ப்ளிஃபயரும் கொடுக்கவில்லை. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் கிட்டாரை நேரே மிக்ஸிங் மேசையில் செருகி, வால்வு ப்ரீஆம்ப் ஒன்றின் வாயில் இன்னொன்றை மாட்டி, இரண்டையும் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினார். பாட்டின் தொடக்கத்தில் காகிதத்தைக் கிழிப்பதுபோல் வருவது அதுதான். அறையும் ஸ்பீக்கரும் காற்றும் இல்லாததால் அந்த ஒலி கேட்கிறவரின் நெற்றிப்பொட்டிலேயே வந்து நிற்கிறது. மூன்று வருடம் கழித்து லெட் ஸெப்பலினின் ‘ப்ளாக் டாக்’ பாட்டுக்கு ஆண்டி ஜான்ஸும் ஜிமி பேஜின் கிட்டாரை மேசையில் செருகி, இரண்டு கம்ப்ரஸர்கள் வழியே நசுக்கித்தான் எடுத்தார். பிழை என்று ஒதுக்கப்படும் வழியில் அழகைப் பார்க்க ஒரு காது வேண்டியிருக்கிறது.

ஆனால் அதையே வீட்டில் டிஸ்டார்ஷன் மென்பொருளைத் திறந்துவைத்துச் செய்து பார்த்தால் பெரும்பாலும் தகரடப்பாவில் அடைத்த வண்டுதான் கிடைக்கும். குற்றம் டிஸ்டார்ஷனில் இல்லை, ஸ்பீக்கர் இல்லாததில் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் ஒழுங்காகப் பாடாது. அந்த இயலாமைதான் வண்டின் குரலை வடிகட்டி கர்ஜனையாக்குகிறது. எனவே மென்பொருளில் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பதைவிட ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழிப்பது மேல். ஒரு நிஜ ஸ்பீக்கரின் முன் எஸ்எம்57 மைக்கை வைத்து, அறையும் பெட்டியும் எப்படிப் பதில் சொல்கின்றன என்பதை ஒரு நொடிக்கும் குறைவான கோப்பாக எடுத்து வைத்திருப்பார்கள். அதை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிறார்கள். அந்தக் கோப்பை நம் பச்சை நாதத்தோடு பெருக்கிக் கலக்கும்போது, ஏதோ ஊரில் ஏதோ அறையில் இருந்த மரப்பெட்டி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிறப் பாட் கருவி இந்த ஆசையை மேசைமேல் கொண்டுவந்தது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள், ஒரு நிஜ ஆம்ப்ளிஃபயர் எந்த ஒலிக்கு எப்படிப் பதில் தரும் என்பதை நரம்பு வலையாகக் கற்றுவைத்துக்கொண்டு வாசிக்கிறது. மெல்ல மீட்டினால் தெளிகிறது, அழுத்தினால் சீறுகிறது. கை கொடுக்கும் பாரத்தை அது மதிக்கிறது. எனக்கு அது போதும்.

இதில் எனக்கு மிகப் பிரியமான வேலை இரட்டைத் தடம். ஒரே வரியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடது காதிலும் மற்றதை வலது காதிலும் வைப்பது. வேலையைச் சுருக்க ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டும் ஒன்றே என்பதால் ஒலி நடு நெற்றியில் வந்து நின்றுகொள்ளும், சத்தம் மட்டும் கூடும். கட்டாயம் இரண்டாம் முறை வாசித்தாக வேண்டும். முதல் முறை போலவே வாசிக்க எவ்வளவு முயன்றாலும் ஒரு மீட்டு ஐந்து மில்லி விநாடி முந்தும், ஒரு தந்தி இழுப்பு நூலளவு பிந்தும். அந்தச் சின்னச் சின்ன வேற்றுமைகள்தான் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு மண்டபத்தைக் கட்டுகின்றன. எண்ணாகிப்போன அத்தனையையும் கம்ப்யூட்டர் நொடியில் நகலெடுக்கும், ஆனால் இந்த மண்டபத்தைக் கட்ட அதற்கு என் கையே இரண்டாம் முறையும் வேண்டியிருக்கிறது. இடைவெளி ரொம்பக் குறைந்தால் மண்டபம் சுருங்கும், கூடினால் இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் ஆகிவிடும். நல்ல நாளில் மூன்றாவது முயற்சியில் அமையும். அமைந்த கணத்தில் ஹெட்போனுக்குள் சுவர்கள் விலகுவது அப்படியே கேட்கும்.

கருவிகளின் விலையைப் பற்றி யாராவது கேட்டால் நான் ஸ்டீவ் லேஸியைச் சொல்வேன். கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் வளர்ந்த அந்த இளைஞர், சிறு இணைப்பான் ஒன்றின் வழியே கிட்டாரை ஐஃபோனில் செருகி, கராஜ்பேண்ட் செயலியில் வாசித்துக் கட்டியதுதான் கென்ட்ரிக் லமாரின் 2017-ஆம் வருட ‘டேம்’ ஆல்பத்தில் வரும் ‘ப்ரைட்’ பாட்டின் அடித்தளம். கேட்டுப் பாருங்கள், கிட்டாரில் கொஞ்சம் சோம்பலும் கொஞ்சம் பிசிறும் இருக்கும். அவற்றைத் துடைத்திருந்தால் பாட்டின் பாதி உயிர் போயிருக்கும்.

பச்சைத் தடத்தை நான் அழிப்பதில்லை. ஆம்ப்ளிஃபயர் பிடிக்காவிட்டால் நாளைக்கு மாற்றலாம், பத்து வருடம் கழித்தும் மாற்றலாம். வாசித்த கை அதில் அப்படியே இருக்கும். போன மாதம் 2009-ல் பதிந்த ஒரு தடத்தைத் திறந்தேன். அன்றைக்கு அதன் மேல் ஏற்றியிருந்த ஆம்ப்ளிஃபயர் ஒலி இப்போது காதில் நிற்கவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். ஏ மைனரில் மெதுவான வாசிப்பு. இரண்டாம் நிமிடத்தில், ஒரு நீண்ட கார்வைக்கு நடுவே, திடீரென்று அந்தச் சத்தம்: டிட்-டிடிட், டிட்-டிடிட், டிட்-டிடிட்.

பழைய ஜிஎஸ்எம் கைப்பேசிக்கு அழைப்பு வருமுன் டவரோடு பேசும் சத்தம். விநாடிக்கு 217 முறை துடிக்கும் அந்த ரேடியோ அலை மேசையில் இருந்த ஃபோனிலிருந்து கிளம்பிக் கேபிளிலும் சுருளிலும் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு ஃபோன் மணி அடித்திருக்க வேண்டும். தடத்தில் மணி இல்லை. நான் எடுத்துப் பேசியிருக்க வேண்டும். என் குரலும் இல்லை, நாற்காலி நகர்ந்ததும் இல்லை. உள்ளங்கை தந்திகளின் மேல் படிந்து கார்வையை அமர்த்தும் ஒரு மெத்தென்ற தட்டல் மட்டும் இருக்கிறது. பிறகு 50 ஹெர்ட்ஸ் உறுமல், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அழைத்தது யார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உறுமல் நடுவில் ஒருமுறை தணிந்து மறுபடி ஏறுகிறது. பேசிக்கொண்டே கிட்டாரோடு கொஞ்சம் திரும்பியிருக்கிறேன். பிறகு விட்ட இடத்திலிருந்து, அதே ஸ்வரத்தில், வாசிப்பு தொடர்கிறது. அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் அப்படியே வைத்துச் சேமித்தேன்.